இலை கொட்டிய ஈழத்தலரி: வெட்டவா, விட்டுப் பார்க்கவா?

வாசல்தென்றல்

சிங்கப்பூரில் எங்கள் தரைவீட்டு வாசலில் நிலத்தில் நட்ட ஃபிராஞ்சிபானி, ஊர்ப்பேச்சில் ஈழத்தலரி. உயரம் 3 மீட்டர், சிவப்புப் பூ. டிசம்பரில் இலை மஞ்சளாக ஆரம்பித்தது. இப்போது பிப்ரவரி நடுவில் ஓர் இலைகூட மிச்சமில்லை, சாம்பல் நிறக் கொம்புகள் மட்டும். வருகிறவர்கள் எல்லாரும் “பட்டுப்போச்சா?” என்று கேட்கிறார்கள். மரம் உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இப்போது தண்ணீரும் உரமும் கொடுக்கலாமா? இன்னொன்று, இந்த மொட்டைக் கோலத்தையே அழகாக வைத்துக்கொள்ள வழி உண்டா, அல்லது கவாத்து செய்து மறைத்துவிடுவதுதான் நல்லதா?

வேர்முடிச்சு

முதலில் உயிர்ச் சோதனை. கிளை நுனியிலிருந்து ஒரு சாண் கீழே இரண்டு விரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் நல்லது. லேசாகச் சுருங்கித் தோல் மடிந்திருந்தால் தாகம், பயப்பட வேண்டாம். உள்ளே தக்காளிப்பழம் மாதிரி அமுங்கினால் அழுகல். அடுத்து நகத்தால் பட்டையை ஒரு மி.மீ. அளவுக்குச் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரிந்து ஒரு சொட்டுப் பால் வந்தால் மரம் தூங்குகிறது, அவ்வளவுதான். ஓய்வில் இருக்கும்போது பால் குறைவாகத்தான் வரும். பாலே இல்லாமல் பழுப்பாக இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது என்று அர்த்தம். மரமே போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு கிளையாகப் பாருங்கள்.

பால் கண்ணில் பட்டால் எரியும், சிலருக்குத் தோல் தடிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சிவப்புப் பூ என்கிறீர்கள், அதனால் இலை நுனி கூராக இருந்திருக்கும். அந்த இனம் இலை உதிர்க்கும் இனம்தான். நடுவில் சின்ன மஞ்சள் கண் வைத்த வெள்ளைப் பூவும் நுனி உருண்ட பளபள இலையும் உள்ளது வேறு இனம். அது பெரும்பாலும் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே நிற்கும். அந்த இனம் மொட்டையானால்தான் கவலைப்பட வேண்டும். பக்கத்து வீட்டு மரம் பச்சையாக இருக்கிறதே என்று ஒப்பிட்டு உரத்தைக் கொட்டுவதற்கு முன்னால் இரண்டும் ஒரே இனமா என்று பாருங்கள். இங்கே பாதிக் குழப்பம் இதில்தான்.

கணக்குப்பிள்ளை

ஒரு சந்தேகம். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரியை ஒட்டித்தான். பகல் நீளம் ஆண்டு முழுக்கச் சில நிமிடங்கள்தான் மாறுகிறது. இதில் மரத்துக்கு ஏது குளிர்காலம்? இலை கொட்டினால் நோய் என்று எடுத்துக்கொள்வதுதானே பாதுகாப்பு?

சருகுக்காரர்

குளிர் இல்லை, வறட்சி உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. அதன் முதல் பாதி ஈரம், இரண்டாம் பாதி வறட்சி. டிசம்பரில் சராசரியாக 300 மி.மீ.க்கு மேல் மழை, பிப்ரவரியில் அதில் மூன்றில் ஒரு பங்கு. காற்றும் விடாமல் வீசும். இலை என்பது தண்ணீர் ஆவியாகும் வாசல்; வாசலை மூடிவிட்டு, தடித்த கிளைக்குள் சேர்த்த நீரை வைத்து மரம் காலம் தள்ளுகிறது. ஈழத்தலரியின் கிளை ஏன் அவ்வளவு பருமன் என்பதற்கும் இதுதான் பதில்.

நோய் என்றால் இலை கொட்டும் விதமே வேறு. ஓய்வுக்குப் போகும் மரத்தில் அடி இலை முதலில் மஞ்சளாகி, வரிசையாக உதிரும். காம்பு சுத்தமாகக் கழன்று தழும்பு காய்ந்திருக்கும். நோயில் புள்ளி, கருகல், பாதியில் தொங்கும் இலை எல்லாம் இருக்கும்.

பால்மரக் காடு இருந்த காலத்தில் ரப்பர் மரங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாக இலை உதிர்ப்பதைத் தோட்டத்துத் துரைமார்கள் ‘விண்டரிங்’ என்றே சொன்னார்கள். குளிரே இல்லாத ஊரில் குளிர்காலம் என்று பெயர் வைத்தாயிற்று. அந்த ரப்பர் கன்றுகள் நம் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது 1877இல்.

மொட்டைக்கிளை

கணக்குப்பிள்ளை அண்ணே, இதை இங்கேயே நின்று ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தாவரவியல் பூங்காவை நடத்திய குவான் கொரிபா என்ற பேராசிரியர். பருவமே இல்லாத நம் ஊரில் மரங்கள் எப்போது வளர்கின்றன, எப்போது நிற்கின்றன என்று கவனித்து 1958இல் வெளியிட்டார். ஓயாமல் வளர்வது, விட்டுவிட்டு வளர்வது, ஒரே மரத்தில் ஒரு கிளை தூங்க மறு கிளை துளிர்ப்பது, மொத்தமாக உதிர்ப்பது என்று வகை பிரித்தார். மாமரத்தில் ஒரு பக்கம் செங்கொழுந்து, மறுபக்கம் கரும்பச்சை பார்த்திருப்பீர்களே, அது மூன்றாவது வகை. குளிர் நாட்டில் எல்லா மரத்துக்கும் ஒரே நாட்காட்டி. இங்கே மரத்துக்கு மரம் வேறு. அதனால் உங்கள் வாசல் மரம் பிப்ரவரியில் மொட்டையாக நிற்க, எதிர்வீட்டு மரம் ஆகஸ்டில் மொட்டையானாலும் இரண்டும் சரிதான்.

இனி அழகு பற்றி. இலை இருக்கும்போது ஈழத்தலரி ஒரு பச்சைக் குடை, அதற்குமேல் ஒன்றுமில்லை. எலும்பு தெரிவது இப்போதுதான். ஒரு கிளையை எடுத்துக்கொண்டு நுனியிலிருந்து அடிவரை கண்ணை ஓட்டுங்கள். பூங்கொத்து எப்போதும் கிளையின் நுனியில்தான் வரும். பூத்த நுனி அதற்குமேல் நீளாது. கீழே இருக்கும் இரண்டோ மூன்றோ கண் துளிர்த்துப் புதுக் கிளையாகும். ஆக, ஒவ்வொரு கவட்டையும் ஒரு பழைய பூங்கொத்து இருந்த இடம். நுனியிலிருந்து தூர்வரை ஏழு கவட்டை எண்ணினால் அந்த வழியில் ஏழு தடவை பூத்திருக்கிறது. நுனி முறிந்தாலோ யாராவது வெட்டியிருந்தாலோ கவட்டை விழும். அங்கே வெட்டுத் தழும்பு தட்டையாகத் தெரியும், வேறுபடுத்திவிடலாம்.

இரண்டு கவட்டைக்கு இடைப்பட்ட நீளமும் பேசும். நல்ல வெயிலில் நிற்கும் மரத்தில் அது குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். நிழலில் நின்றாலோ தழைச்சத்து அதிகமானாலோ நீண்டு மெலிந்து வளையும். கிளை நெடுக இருக்கும் பிறைத் தழும்புகள் உதிர்ந்த இலைகளின் காம்படி. அவை நெருக்கமாக இருக்கும் பகுதி மெதுவாக வளர்ந்த காலம், விலகி இருக்கும் பகுதி வேகமாக வளர்ந்த காலம். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தால் மரத்தின் முழு வரலாறும் படிக்கக் கிடைக்கும்.

வாசல்தென்றல்

சுரண்டிப் பார்த்தாயிற்று, பச்சைதான். பாலும் வருகிறது. தெற்குப் பக்கம் ஒரு கிளை மட்டும் நுனி கறுத்து அமுங்குகிறது. மற்றபடி கவாத்து வேண்டுமா வேண்டாமா?

வேர்முடிச்சு

அமுங்கும் கிளையை இன்றே எடுங்கள், காத்திருந்தால் அழுகல் கீழே இறங்கும். கூரான ரம்பம், தேய்க்கும் ஆல்கஹாலால் துடைத்தது. கறுத்த இடத்துக்கு 5 செ.மீ. கீழே வெட்டி முகத்தைப் பாருங்கள். வட்டம் முழுக்க வெண்மையாக இருந்தால் நிறுத்தலாம். நடுவில் பழுப்புப் புள்ளி இருந்தால் இன்னும் 5 செ.மீ. இறங்குங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ரம்பத்தைத் துடைத்துவிட்டு. வெட்டு முகம் சாய்வாக இருக்க வேண்டும்; தட்டையாக வெட்டினால் மழைநீர் தேங்கும். பாலைத் தண்ணீர் தெளித்துக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். மஞ்சள் பூச்சு, களிமண் பூச்சு எதுவும் வேண்டாம்.

மற்ற கிளைகளில் கவாத்து என்றால், ஒன்றையொன்று உரசும் கிளை, உள்நோக்கிப் போகும் கிளை இரண்டும்தான். கவட்டையை ஒட்டி மேலே வெட்டுங்கள். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். நுனியை வெட்டினால் அடுத்த பூவை வெட்டுகிறீர்கள். அந்தக் கிளை மறுபடி துளிர்த்து முற்றிப் பூக்க நாளாகும்.

புல்வெட்டி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வாசல் மரம் 3 மீட்டர் தாண்டினால் நுனிகளைக் குறைக்கத்தான் வேண்டும். வழியில் முகத்தில் இடிக்கும் கொம்பை “அழகு” என்று விட முடியாது. ஒரு வருடப் பூ போனால் போகட்டும்.

மொட்டைக்கிளை

இடிக்கும் கொம்பை எடுங்கள், யார் தடுத்தார்கள்? எல்லா நுனியையும் ஒரே உயரத்தில் மழிப்பதைத்தான் எதிர்க்கிறேன். மழித்த இடத்தில் ஒரு கொம்புக்கு மூன்று நான்கு குச்சி கிளம்பும். அடுத்த முறை இலை கொட்டும்போது துடைப்பம் நட்டு வைத்த மாதிரி இருக்கும். உயரம் குறைக்க வேண்டுமானால் ஒரு நீண்ட கிளையைக் கீழ்க் கவட்டைவரை முழுசாக எடுத்துவிட்டு, அடுத்த கிளையை அடுத்த ஆண்டு பாருங்கள். உருவம் கெடாது.

மாடித்தொட்டி

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் வைத்திருப்பவர்களுக்கு: நிலத்து மரத்துக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலத்தில் இருக்கும் மரத்துக்கு இப்போது தண்ணீரே வேண்டாம். 40 செ.மீ. தொட்டியில் இருந்தால், விரலை 5 செ.மீ. இறக்கிப் பார்த்து முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் ஒரு லிட்டர். பெரும்பாலும் வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை வரும். ஈழத்தலரி தொட்டியில் சாவது தாகத்தால் அல்ல. இலை இல்லாத மரத்துக்கு இலை உள்ள மரத்தின் அளவுக்கு ஊற்றுவதால்தான். தண்ணீரை இழுக்க இலை இல்லை, மண் ஊறியே கிடக்கிறது, வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது, தூர் மெத்தென்று ஆகிறது. தூர் போனால் காப்பாற்ற வழியில்லை; மேலே கெட்டியாக இருக்கும் கிளையைப் போத்தாக (நட்டு வேர்பிடிக்க வைக்கும் துண்டாக) எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். டிசம்பர் ஈரத்திலேயே இலை உதிர்க்கும் தொட்டி மரத்தைச் சாரல் படாத பக்கம் நகர்த்துங்கள்.

மண் கலவை: பெரும்மணல் அல்லது பெர்லைட் என்ற எடையில்லாத வெள்ளைக் குருணை பாதி, தொட்டி மண் பாதி. வெறும் தொட்டி மண் நம் மழைக்கு இறுகிவிடும். இறுகினால் மேலே நீர் தேங்கும், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். மேல்மண்ணைக் குத்திக் கிளறி விடுங்கள். அடித்தட்டு வைக்காமல் இருப்பது நல்லது. வைத்தால் தவறாமல் கொட்டுங்கள். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும், கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி கூடவே கூடாது. கொம்பு விரியும் மரம் இது. தொட்டி ஓரமாக இருக்கிறது என்று நினைப்போம், கிளை வழிக்கு வந்துவிடும்.

சருகுக்காரர்

உரம் பற்றி யாரும் சொல்லவில்லை. மொட்டையாக இருக்கும்போது ஒன்றும் வேண்டாம். நுனியில் நகம் மாதிரி பச்சை தெரிந்து, இலை 5 செ.மீ. வந்த பிறகு மெதுவாகக் கரையும் உரம், தழைச்சத்து குறைந்தது. யூரியா போட்டால் குச்சிகள் நீண்டு மெலியும், பூவும் குறையும்.

இந்த மொட்டைக் காலத்துக்கு ஒரு பயனும் உண்டு, துரு நோய்க்கு. இலையின் அடியில் ஆரஞ்சு மாவாக ஒட்டும் பூஞ்சை அது. வாழ அதற்கு இலை வேண்டும். உதிர்ந்த இலையை ஒன்றுவிடாமல் கூட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டால், புது இலை கொஞ்ச நாளாவது சுத்தமாக வரும். சருகை மரத்தடியிலேயே மூடாக்காகப் போடும் நல்ல பழக்கம் இந்த ஒரு மரத்துக்கு வேண்டாம். நுனி மொட்டில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள், இலை இல்லாததால் ஒளிய இடமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம், மாலையில் தெளித்து அரைமணி கழித்துக் கழுவுங்கள். எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள். பூச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பது அதுதான்.

ரெட்டைத்திண்ணை

வீட்டில் பெரியவர்கள் “மயானத்து மரம், வாசலில் வேண்டாம்” என்கிறார்கள். மொட்டையாக நின்றால் இன்னும் பேச்சு.

சருகுக்காரர்

மலாய்க் கல்லறைகளில் கெம்போஜா (இதே மரத்தின் மலாய்ப் பெயர்) நிறைய நட்டிருப்பதாலும், அந்த மணத்தைப் பொந்தியானாக் என்ற பெண் பேயோடு சேர்த்துச் சொல்லும் கதையாலும் வந்த பேச்சு இது. யாழ்ப்பாணப் பக்கம் கேட்டால் கோயில் பூ என்பார்கள். நம் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மரத்தடியில் நின்று எதிரும் புதிருமாகப் பேசலாம். மரம் வந்ததென்னவோ அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து.

பனிப்பிரியை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உண்மையான குளிர்கால மரம் மாதிரி ஒன்று வேண்டும் என்பதற்காக ஜப்பானிய மேப்பிள் கன்று வாங்கலாமா? குளிர்சாதன அறையில் வைத்தால்?

வேர்முடிச்சு

வேண்டாம் அக்கா. மேப்பிளுக்கும் சக்குராவுக்கும் மொட்டு விழிக்கவே பல வாரக் கடுங்குளிர் வேண்டும், சுமார் 7 டிகிரிக்குக் கீழே. வீட்டுக் குளிர்சாதனம் 24 டிகிரி, அதோடு வெளிச்சமும் போதாது. கரையோரப் பூந்தோட்டத்தின் குளிரூட்டிய மலர்க்கூடத்திலேயே 23 முதல் 25 டிகிரிதான். இங்கே வாங்கிய மேப்பிள் ஓய்வுக்குப் போகத் தெரியாமல் தளர்ந்து தளர்ந்து போகும்.

அந்தக் கோலம் வேண்டுமானால் ஷூய் மெய் வாங்குங்கள், சீனர்கள் போன்சாயாக வளர்ப்பது. நம் வெட்பாலையின் நேர் உறவு. அதற்குக் குளிர்காலத்தை நீங்களே உண்டாக்கலாம். இரண்டு வாரம் முன்னால் உரம் கொடுங்கள். பிறகு ஒரே நாளில் எல்லா இலையையும் கத்தரியால் காம்போடு நறுக்குங்கள், இளம் நுனியையும் கிள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் அந்த மெல்லிய குச்சிப் பின்னல் நிற்கும் நிலைதான் உங்கள் குளிர்கால மரம். முழு வெயிலில் வைத்துத் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். துளிரோடு மொட்டும் வரும். மூன்று நான்கு வாரத்தில் நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூ, மணத்தோடு. சீனப் புத்தாண்டுக்குப் பூக்க வேண்டும் என்றால் நாளைப் பின்னோக்கி எண்ணி நறுக்குகிறார்கள்.

எங்கே தவறும்? மண் மாற்றிய உடனே நறுக்கினால், மெலிந்த செடியை நறுக்கினால், பாதி இலையை விட்டுவிட்டு நறுக்கினால். கடைசித் தவறுதான் அதிகம். இலை இருக்கும் கிளை தூங்கிக்கொண்டே இருக்கும், மற்றது மட்டும் பூக்கும்.

ஒளிநிழல்

வாசல்தென்றல் கேட்ட “அழகாக வைத்துக்கொள்ள வழி” என்பதற்கு வருகிறேன். வெளிச்சம்தான் பாதி வேலை.

பகலில் நிழலைப் பயன்படுத்துங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உச்சி வெயில் தெற்கிலிருந்து சாய்கிறது. டிசம்பர் கடைசியில் 3 மீட்டர் மரத்தின் நண்பகல் நிழல் வடக்கே சுமார் 1.4 மீட்டர் நீளும். பிப்ரவரி நடுவில் அதில் பாதி. மார்ச் கடைசிக்குள் காலடியிலேயே சுருங்கிவிடும். நண்பகல் என்பது 12 மணி அல்ல, நம் கடிகாரத்தில் பிப்ரவரியில் 1 மணி 20 நிமிடம். சுவரில் விழும் நிழல் வேண்டுமானால் மாலை 5 மணிக்குமேல் கிழக்குப் பக்கச் சுவரைப் பாருங்கள். தொட்டி மரமாக இருந்தால் சுவருக்கு 60 செ.மீ. முன்னால் நகர்த்துங்கள். ஒட்டி வைத்தால் நிழல் கிளையின் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், மிகவும் தள்ளினால் ஓரம் மங்கும்.

இரவுக்குத் தரையில் குத்தி நிறுத்தும் மின்விளக்கு ஒன்றே ஒன்று போதும். 3 முதல் 5 வாட், 2700 கெல்வின் இளமஞ்சள், மழை தாங்கும் ஐபி 65 உறை. தூரிலிருந்து 50 செ.மீ. தள்ளி, பார்ப்பவருக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து, முதல் கவட்டையைக் குறிவையுங்கள். இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் நிழல் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், கிளை தட்டையாகத் தெரியும். மின்மினிச் சரம் சுற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. சுற்றினாலும் துளிர் வரும் முன் அவிழ்த்துவிடுங்கள், கம்பி நுனியை அறுக்கும்.

புல்வெட்டி

மொட்டைக் கிளையில் ஆர்க்கிட் கட்டினால்?

மொட்டைக்கிளை

ஈழத்தலரியின் பட்டைக்கு ஆர்க்கிட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இப்போது கட்டாதீர்கள், இலை இல்லாத மரத்தில் நேர் வெயில் பட்டுக் கருகும். இலை வந்த பிறகு, கவட்டையின் அடிப்பக்கம், பருத்தி நூலால். புறா ஆர்க்கிட் வையுங்கள். தூங்குமூஞ்சி மரங்களில் தானாகவே தொற்றி வளர்வது அதுதான். பலத்த மழையில் வெப்பம் திடீரென்று ஐந்து டிகிரி அளவுக்கு இறங்கினால், சரியாக ஒன்பதாம் நாள் காலையில் வட்டாரத்தில் உள்ள அத்தனை புறா ஆர்க்கிட்டும் ஒன்றாகப் பூக்கும். ஒரே நாள்தான், மறுநாள் வாடிவிடும். மழை நாளைக் குறித்து வைத்துக்கொண்டு எண்ணலாம்.

கணக்குப்பிள்ளை

சரி, நோய் என்ற என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் மரம் வைக்க இடமில்லாதவர்கள் சாலையோரத்தில் எதைப் பார்க்கலாம்?

சருகுக்காரர்

கெட்டாப்பாங், அதாவது நாட்டு வாதுமை. பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி பிப்ரவரியை ஒட்டியும் ஜூலை ஆகஸ்டை ஒட்டியும் இலை செம்பாகச் சிவந்து உதிரும். மொட்டையாக நிற்பது சில நாள்தான், தவறவிடாதீர்கள். அப்போதுதான் கோபுர அடுக்கு மாதிரி கிடையாக நீளும் கிளைத்தட்டுகள் தெரியும். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நிறைய. விழுந்த காய்ந்த இலையை மீன் வளர்ப்பவர்கள் கழுவித் தொட்டியில் போடுவார்கள். வீட்டில் மட்டும் நடாதீர்கள், 20 மீட்டரைத் தாண்டும்.

அடுத்தது டிரம்பெட் மரம். நம்மூர் சக்குரா என்று செல்லப் பெயர். வறட்சியில் இலை உதிர்த்து, பிறகு பெய்யும் மழையில் வெளிர்சிவப்பாகப் பூக்கும், மார்ச் ஏப்ரலிலும் ஆகஸ்ட் செப்டம்பரிலும். வறட்சி எவ்வளவு கடுமையோ பூ அவ்வளவு அடர்த்தி. 2014 பிப்ரவரியில் சாங்கி நிலையத்தில் மாதம் முழுக்க 0.2 மி.மீ. மழைதான், அதற்கடுத்து வந்த பூப்பைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வாசல்தென்றல்

அழுகிய கிளையை வெட்டியாயிற்று. மூன்றாவது வெட்டில் வெள்ளை முகம் வந்தது. அதற்குக் கீழே கவட்டைவரை எடுத்த துண்டு கெட்டியாக 40 செ.மீ. இருக்கிறது, இன்றே நடலாமா?

வேர்முடிச்சு

இன்று வேண்டாம். முதலில் அந்தத் துண்டின் இரண்டு முகமும் வெள்ளைதானா என்று பாருங்கள். அழுகிய பக்கம் பழுப்பு இருந்தால் போத்துக்கு ஆகாது. சரியாக இருந்தால் எந்த முனை அடி என்று மார்க்கரால் குறித்துவிடுங்கள், நுனி இல்லாத துண்டில் தலைகீழாக நடுவது சுலபம். நிழலில், மழை படாத இடத்தில், பத்துப் பன்னிரண்டு நாள் சாய்த்து வையுங்கள். வெட்டு முகம் காய்ந்து தடிக்க வேண்டும். பிறகு மணல் கலவையில் 8 செ.மீ. ஆழம் நட்டு, ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டி, ஒரே ஒரு தடவை நனைத்துவிட்டு விட்டுவிடுங்கள். இலை வரும்வரை லேசான ஈரம் போதும். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நடுவில் வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள்.